தில்லைப் பலகை

நம் பள்ளி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி படம் போட்டிருந்தாள். மருமகள் வாங்கிய காய் வெட்டும் பலகைகள். ஒன்று ஆலிவ் மரமாம், ஒன்று பலா, இன்னொன்றின் பெயர் எனக்கு வாயிலேயே நுழையவில்லை. எல்லாம் கையால் இழைத்தது, ஆணியில் மாட்டுவதற்குத் தோல் வார் வேறு. நீங்கள் எல்லோரும் கைதட்டும் படமும் பூவும் போட்டீர்கள். “ஓடாவி மகளே, உனக்குத் தெரியாத பலகையா? நீ ஏன் வாயே திறக்கலை?” என்று ஒருத்தி என்னைச் சீண்டினாள்.

வாயைத் திறக்கவில்லை, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அறுபத்தேழு வயதுக் கிழவி, பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு உதடு வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஏன் என்று சொல்வதற்கு நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்துக்குப் போக வேண்டும். அந்த வருஷம் மாதா திருவிழா முடிந்த கையோடு நான் மூன்று வாரம் யாரோடும் பேசாமல் திரிந்தது உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். டீச்சர் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார். காய்ச்சல் இல்லை, பயம்.

என் அப்பா ஓடாவி. தோணி கட்டுகிற தச்சர். கடல் அடங்காத மாதங்களில் தோணிகள் கரையேறிக் கிடக்கும். அப்போதுதான் அவருக்கு வேலை நெருக்கும். அந்த வேலைக்கு நடுவே பலகையும் செய்வார். நம் ஊர் வீடுகளில் அப்போது காயானாலும் மீனானாலும் அரிவாள்மனைதான். ஆனால் ஆடுகிற தோணியில் அரிவாள்மனையைப் போட்டு அதன்மேல் உட்கார முடியுமா? ஒரு அலைக்கு மனை ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். அதனால் தோணியில் சமைக்கிறவருக்கு, பண்டாரி என்போமே, அவருக்குப் பலகை வேண்டும். அடியில் வழுக்காமல் இரண்டு சட்டம், ஓரத்தில் மீன் தண்ணீர் வழியாமல் ஒரு சின்ன வரம்பு. தேய்த்துத் தேய்த்து அப்பா அதைக் கன்னம் போல வழவழப்பாக்கிவிடுவார்.

எந்த மரமும் அவர் கைக்கு வந்துவிடும். கறிக்கு என்றால் புளி, எத்தனை வெட்டு விழுந்தாலும் சிலும்பாது. மீனுக்கு வேம்பு. பூவரசு, இலுப்பை, புன்னை. கப்பல் சரக்கோடு முட்டுக்கொடுக்க வந்து துறைமுகத்தில் கழித்துப் போட்ட பேர் தெரியாத சீமைக் கட்டைகளும் உண்டு. அதில் ஒன்று பச்சை மிளகு வாசம் அடித்தது, இன்னொன்றை அறுத்தபோது உள்ளே ஊதா நிறம். நான் அப்பாவின் பட்டறைக் கொட்டடியில் சீவலுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நக்கிப் பார்ப்பேன். எனக்கு அது ஒரு பெருமை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை வைத்தே இது வேம்பு, இது இலுப்பை என்று சொல்லிவிடுவேன். அப்பா சிரிப்பார், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

புதுத் தோணிக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. தோணியின் அடிமரத்தை ஏரா என்போம். அதை அளவுக்கு அறுக்கும்போது விழுகிற துண்டில்தான் அந்தத் தோணியின் பண்டாரிக்குப் பலகை செய்ய வேண்டும். பங்குச் சாமி வந்து ஏராவை மந்திரிக்கும்போது அந்தத் துண்டுக்கும் தீர்த்தம் தெளிப்பார். அந்தப் பலகை இல்லாமல் தோணி முதல் ஓட்டம் போகாது. போனால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாததால்தான் எனக்கு அதைக் கேட்கவே பயம்.

அந்த வருஷம் அப்பா கட்டிய புதுத் தோணிக்குப் பண்டாரியாகப் போக இருந்தவர் என் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வீட்டுக்குள் நுழையும்போதே “ஏளா மருமவளே, இன்னைக்கு எந்த மரத்தைத் தின்ன?” என்று கேட்டுக்கொண்டு வருவார். எனக்கு அவரைவிடப் பிடித்த மனிதர் அப்போது உலகத்தில் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நான் நடந்துகொண்டதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பலகை ஆயிற்று. புன்னை எண்ணெய் தேய்த்துக் கொட்டடி வாசலில் காய வைத்திருந்தார் அப்பா. தோணி கிளம்ப இரண்டு நாள். அப்பா தோணியில் ஏதோ கடைசி வேலையாகப் போயிருந்தார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனேன். நம் கடலைத்தான் தெரியுமே, குளம் மாதிரி கிடக்கும், இடுப்பளவுக்கே வெகுதூரம் நடக்கலாம். மற்றப் பிள்ளைகள் உடைந்த படகுப் பலகையில் நெஞ்சை வைத்து மிதப்பார்கள். எனக்கு அப்பா செய்த பலகையில் மிதக்க ஆசை. எண்ணெய் தேய்த்த பலகை, ஈரக் கை. வழுக்கிவிட்டது. கரையிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பிடிக்கப் பிடிக்க ஒரு முழம் தள்ளிப் போயிற்று. கழுத்தளவு தண்ணீர் வந்ததும் நின்றுவிட்டேன். அது புள்ளியாகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்பா என்னை ஒரு நாளும் அடித்தவர் இல்லை. அடிக்கிற அப்பாவாக இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லி நாலு அடி வாங்கியிருப்பேன். ஏராப் பலகை போய்விட்டது என்று கேட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்பதுதான் என் பயம்.

கொட்டடியில் வேறு பலகை தேடினேன். எல்லாம் இழைக்காத கட்டைகள். அண்ணாந்து பார்த்தபோது உத்தரத்துக்கு மேலே சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பொட்டலம் தெரிந்தது. மரம் அறுக்கிற மேடையில் ஏறி, அதற்கு மேல் ஒரு பெட்டியைப் போட்டு ஏறி எடுத்தேன். பிரித்தால் ஒரு பலகை. சட்டம் அடித்தது, வரம்பு வைத்தது, முழுக்க இழைத்தது. அளவுகூட ஏறக்குறைய அதேதான். நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு.

என் புத்தி எப்படி ஓடியது பாருங்கள். நம் வீடுகளில் உயரத்தில் சுற்றி வைத்திருப்பது என்றால் பாஸ்கு மெழுகுவத்தி, குருத்தோலை, மந்திரித்த எண்ணெய். பிள்ளைகள் கைபடக் கூடாத புனிதமான பொருள்தான் மேலே போகும். ஆக இதுவும் ஏராத் துண்டுதான், தீர்த்தம் பட்ட துண்டுதான், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று அப்பா இரண்டாகச் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மாதாவே கண்ணில் காட்டினாள் என்று அந்தப் பெட்டிமேல் நின்றபடி சிலுவைகூடப் போட்டுக்கொண்டேன்.

வழக்கம்போல ஒரு நக்கு நக்கினேன். எனக்குத் தெரிந்த எந்த மரமும் இல்லை. லேசான எரிச்சல். புன்னை எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் துணியால் தேய்த்ததும் வெளுப்பு மறைந்து நிறம் ஏறியது. வாசலில் அதே இடத்தில் வைத்தேன். வெறும் சாக்கை முன்போலவே சுருட்டி மேலே செருகினேன்.

மறுநாள் மாமா வந்தபோதும் அப்பா வீட்டில் இல்லை. அம்மாதான் பலகையைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தாள்.

“யக்கா, அத்தான் செஞ்ச பலகைல வெட்டுனா மீனு தானா குழம்புல குதிச்சிரும்லா?” என்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினார் மாமா.

“விளையாடாதலே. மந்திரிச்ச பலகை. பதனமா வச்சுக்கோ.”

“மருமவளுக்குக் கொழும்புல இருந்து என்ன வேணும்?”

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலமே மேல் உதடு தடித்து அத்திப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, பல்லி விழுந்த எதையோ தின்றிருக்கிறேன் என்று தீர்ப்புச் சொல்லி மஞ்சள் அரைத்துப் போட்டாள். தோணி மறுநாள் காலை பாய் விரித்தது. நான் வீங்கிய உதட்டோடு கையசைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா கொட்டடியிலிருந்து கூப்பிட்ட குரலை இன்றைக்கும் கேட்க முடிகிறது. எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

“ஏளா, இங்கன வா. மேல சாக்குல ஒரு பலகை வச்சிருந்தேன். யாரு எடுத்தா?”

“எனக்கென்ன தெரியும்? நான் என்னைக்கு உத்தரத்துல ஏறுனேன்?” என்றாள் அம்மா.

“விளையாட்டு இல்ல. அது தில்லை மரம். ஆத்து முகத்துல வெட்டுன மரத்தோட தெரியாம கலந்து வந்துட்டு. இழைச்சு முடிச்சப்புறம் கையெல்லாம் கொப்புளிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது. பச்சை மரம், பால் இன்னும் வத்தலை. அந்தப் பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும்.”

“அப்ப அதை எரிச்சுப் போட வேண்டியதுதான?”

“எரிச்சா அந்தப் புகையும் கண்ணைக் கெடுக்கும். வெளிய போட்டா பிள்ளைக எடுக்கும். கடல்ல கொண்டு போடலாம்னுதான் எட்டாத இடத்துல வச்சேன்.”

அப்பாவின் கை கொப்புளித்தபோது நான் பெரியம்மா வீட்டில் பத்து நாள் இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். கொட்டடி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா கண்ணைக் கசக்குவது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மீன் வெட்டுகிறவர் வியர்த்தால் புறங்கையால்தானே துடைப்பார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் அப்பா தெருவில் இறங்கிவிட்டார். எவனோ அடுப்புக்குத் திருடிப் போயிருக்கிறான் என்று அவர் நினைப்பு. வீடு வீடாக நின்று, “பலகை எடுத்திருந்தா குடுத்திருங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அடுப்புல மட்டும் வச்சிராதீங்க” என்று கெஞ்சினார். தெருவே பயந்துபோயிற்று. இரண்டு நாள் எந்த வீட்டுக் குசினியில் புகை கூடினாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். அத்தனையும் என்னால் என்று தெரிந்தபிறகு வாய் மேலும் இறுகிவிட்டது. ஒரு பிள்ளை செய்த தப்பாக இருந்தது ஊர்த் தப்பாகிவிட்டதே.

ஐந்தாம் நாள் இன்னொரு தோணி கொழும்புக்குக் கிளம்பியது. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போகாமல் நேரே துறைக்குப் போனேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ‘எங்க மாமாகிட்ட அந்தப் பலகையைக் கடல்ல போடச் சொல்லுங்க.’ அவ்வளவுதான். அந்தத் தோணியின் தண்டல், அதாவது தலைவர், மூட்டை ஏற்றுவதைப் பார்த்தபடி நின்றார். என்னைக் கண்டதும் குனிந்தார்.

“என்ன பாப்பா, யாரத் தேடுத? ஓடாவி மவதான நீ?”

என்னை இவருக்குத் தெரிகிறது. இவர் அப்பாவிடம் சொல்லிவிடுவார்.

“ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்.”

“வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ.”

வீட்டுக்குப் போனேன். தோணியும் போயிற்று.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கோயில் கோபுரத்தைப் பார்ப்பேன், பிறகு மறு கண்ணை. நக்கியவள் நான்தானே, எனக்கும் பார்வை போகும் என்று பயம். ஆட்கள் இல்லாத நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குசினியிலிருந்து வாசல் வரை நடந்து பழகினேன். குருடானால் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று கணக்கு. ஒரு முறை குடத்தில் இடித்து விழுந்தேன். அம்மா, “கண்ணு எங்கடி போச்சு?” என்றாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினார்கள். மண்டியிட்டு, அம்மா சொல் கேட்கவில்லை இரண்டு தடவை, கருப்பட்டி திருடினேன் ஒரு தடவை என்றேன்.

“வேற?” என்றார் சாமி.

“வேற இல்ல சாமி.”

மறுநாள் நற்கருணை வாங்கியபோது அது நாக்கில் எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. வீட்டுச் செபத்தில் கடலுக்குப் போனவர்களுக்காக அம்மா ஒரு அருள் நிறைந்த மரியே சேர்த்துச் சொல்லும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். என் குரல் மாதாவுக்குக் கேட்டால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் தோணி வந்தது. துறையில் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான். ஒவ்வொருவராக இறங்கினார்கள். மாமா கடைசியில் வந்தார். ஒருவர் அவர் கையைப் பிடித்து ஏணிப்பலகையில் அடி அடியாக இறக்கினார். கண்ணைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அந்தத் துணி அம்மா பலகையைச் சுற்றிக் கொடுத்த வேட்டியின் கிழிசல்.

“யய்யா, என்னலே இது?” என்று அம்மா போட்ட கூச்சலில் சரக்குக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒண்ணுமில்லக்கா. ரெண்டாம் நாள் கண்ணு கரிச்சுது. அடுப்புப் புகைன்னு நெனச்சேன். அப்புறம் வீங்கிட்டு. கையெல்லாம் கொப்புளம்.” அப்பா இருக்கிற பக்கத்தை ஊகித்துத் திரும்பினார். “அத்தான், அந்தப் பலகை நனைஞ்சா வெள்ளையா என்னமோ கசியும். மீன் கசடாக்கும்னு வழிச்சு வழிச்சுப் போட்டேன். கடைசியில தண்டல் அண்ணாச்சிதான் அதைத் தூக்கிக் கடல்ல எறிஞ்சாரு.”

அப்பா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மாத்தி வச்சுட்டேன் மாப்ள. நல்ல பலகையச் சாக்குல கட்டி மேல போட்டுட்டு, தில்லையக் காய வச்சிருக்கேன். எவனோ திருடிட்டுப் போனதுதான் நல்ல பலகை. உனக்குக் குடுத்தது…” என்று முடிக்காமல் தன் கையையே பார்த்தார். “முப்பது வருஷம் மரத்தத் தொட்ட கை.”

அவர் சொன்னது அத்தனை பொருத்தமாக இருந்தது. காணாமல் போன பலகைக்கும் காரணம் கிடைத்துவிட்டது, கண்ணுக்கும் கிடைத்துவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் ஒரு விஷயத்தைத் தங்களுக்குள்ளேயே முடித்துவிட்டால் பிள்ளையை எண்ணுவதில்லை. நான் சேலையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் வலது கண்ணைக் காப்பாற்றினார்கள். இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. உடனே நல்ல தண்ணீரில் அலசியிருந்தால் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டாவது தோணி எத்தனையாம் நாள் கொழும்பு சேர்ந்திருக்கும் என்று நான் அன்றைக்கே விரல் மடக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் முன்னால் போயிருந்தால் போதுமா, இரண்டு நாளா? இன்றைக்கும் விடை தெரியாது.

அப்பா அதற்குப் பிறகு ஒரு பலகைகூடச் செய்யவில்லை. தோணி வேலைக்கு மரம் வந்தால், தான் பார்த்தது போதாதென்று தன்னிடம் தொழில் படித்தவர்களைக் கூப்பிட்டு, “இது என்ன மரம், பாத்துச் சொல்லு” என்பார். சந்தேகம் தீராமல் மூன்று தடவை முகர்வார். நான் சீவல் நக்குவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை.

மாமா வீட்டுக்கு வந்தால் நான் குசினிக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். அவர் கேள்வி கேட்பார், நான் உளறிவிடுவேன் என்று பயம். ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“யக்கா, மருமவ ஏன் என்னைக் கண்டா ஓடுதா?”

“சின்னப் புள்ளதானலே. உன் கண்ணப் பாத்துப் பயப்படுதா.”

மாமா “அப்படியா” என்றார். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஓடுவதற்கு அம்மாவே ஒரு காரணம் செய்து கொடுத்துவிட்டாள்.

அடுத்த தடவை அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கியது. குசினி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “ஏளா மருமவளே, இங்கன பாரு. இப்ப பயமில்லையே?” என்றார்.

“இல்ல மாமா” என்றேன்.

அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றியதே இல்லை. ஒன்று உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். என் கல்யாணத்தில், என் பிள்ளையின் ஞானஸ்நானத்தில், கரண்ட் போன வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தபோதுகூடக் கழற்றவில்லை. அப்பா போனார், அம்மா போனாள். சொல்வதற்கு மாமா ஒருவர்தான் மிச்சம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வேன். போவேன், சாப்பிடுவேன், அவர் சிரிப்பார், திரும்பி வந்துவிடுவேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவர் இறந்தார். பெட்டியில் வைத்திருந்தார்கள். மூடுவதற்கு முன்னால் யாரோ அவர் முகத்திலிருந்து கண்ணாடியை எடுக்கப் போனார்கள். மாமாவைக் கட்டிய அத்தை அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“எடுக்காதீங்க. அவுக சொல்லியிருக்காக. மருமவ அங்கன நிக்கா, பயப்படுவா.”

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதும் சொல்லவில்லை.